பதினாறாம் நாள் மாத்திரைக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, தில்லியிலிருந்து பிகாரின் தர்பங்காவுக்கு ரயிலேறும் ஏழை நோயாளியின் கையில் ஒரு பை மாத்திரைகளும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட டிஸ்சார்ஜ் சீட்டும் இருக்கும். மறுபரிசோதனைக்கு அவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வர வேண்டும்.

ஸ்டென்டின் விலை குறித்து நாடே பேசியது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ.29,600 என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஆனால், அந்த ஸ்டென்ட் அடைபடாமல் காப்பவை ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளே. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் இத்தகைய இரு மருந்துகளைப் பொதுவாக ஓராண்டு வரை உட்கொள்ள வேண்டும். மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பிறகோ 15 நாள்களுக்கு மட்டுமே மருந்துச் செலவு கிடைக்கும். புறநோயாளி சிகிச்சைக்கு அதில் இடமில்லை. ஓராண்டு மாத்திரைக்கு 15 நாள் காப்பீடு, விந்தையான கணக்குதான்!

பதினாறாம் நாள் முதல் நோயாளி உள்ளூர் மருந்துக் கடையை நம்புகிறார். 2008-இல் தொடங்கப்பட்ட மக்கள் மருந்தகங்கள் 2025 தொடக்கத்தில் 15,000-ஐத் தொட்டன. அங்கு விலை குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால், மருந்தகம் அருகில் இருக்க வேண்டும். மருந்தும் இருப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் வேறு நிறுவனத்தின் மாத்திரையைத் தருகிறார். இரண்டும் ஒரே மருந்து என்பது தெரியாமல், பழைய அட்டையில் மிச்சமிருப்பதையும் புதியதையும் சேர்த்து விழுங்கும் அபாயம் இங்குதான் எழுகிறது. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து இரட்டிப்பானால் ரத்தக்கசிவு ஏற்படலாம். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்ற மருத்துவக் கவுன்சில் விதி 2016-இலேயே வந்துவிட்டது. ஆனால், எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை நோயாளியின் மொழியில் சொல்ல அந்த விதி வற்புறுத்தவில்லை.

2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தப் பணம். தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. தில்லியில் இதுபற்றிக் கேட்டால், பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். தில்லியில் சிகிச்சை பெற்று பிகாரில் மாத்திரை தேடுபவர் எந்தப் பட்டியலில் வருகிறார் என்பதை எந்த உறுப்பினராவது அவையில் கேட்கலாம்.