சங்கக் கூடத்தில் ஒரு தொல்லியல் சொற்பொழிவு

கூட்டுறவுச் சங்கத்தின் கூடத்தில் வழக்கமாக நடைபெறும் காரியங்களை அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும். வரவு செலவுக் கணக்குப் படிக்கப்படும். நூல் விலை, கூலி, கடன் தவணை, விதை, உரம் ஆகியவை பற்றிப் பேச்சு எழும். இவற்றோடு ஆண்டுக்கு ஒரு முறையேனும் தொல்லியல் பற்றிய சொற்பொழிவு ஒன்றும் அக்கூடத்தில் நடைபெற வேண்டும் என்று கூறினால், “அது படித்தவர்களுக்குரிய காரியம்; நெய்பவனுக்கும் உழுபவனுக்கும் அதனால் ஆவதென்ன?” என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக் காலத்துப் பொருள்களை முதன்முதலில் காண்பவர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர் அல்லர். ஏர் ஓட்டுபவரும், கிணறு வெட்டுபவரும், தென்னைக்குக் குழி எடுப்பவருமே முதலில் காண்கின்றனர். கீழடியின் கதை இதற்குத் தக்க சான்று. 1970-களில் அவ்வூரில் கிணறு தோண்டியபோது சில பழம்பொருள்கள் வெளிப்பட்டன. மாணவர்கள் அதனைத் தங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கூறினர். அவர் அவற்றைச் சேகரித்துப் பாதுகாத்து, தொல்லியல் துறைக்கும் தெரிவித்தார். பல ஆண்டுகள் சென்றபின், 2013-14-இல் மத்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரை நெடுகிலும் ஆய்வு செய்து 293 இடங்களைக் கண்டறிந்தனர். 2015-இல் கீழடியில் அகழாய்வு தொடங்கியது; பின்னர் அப்பணியைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை ஏற்று நடத்தியது. 2023 மார்ச்சு 5-ஆம் நாள் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அன்று அம்மாணவர்கள் தாம் கண்டதைப் பேசாது விட்டிருந்தால் அச்செய்தி அவ்வூரிலேயே மறைந்து போயிருக்கும்.

நூலும் நெல்லும்

கீழடியில் கிடைத்தவற்றுள் நெசவாளர் கண்ணுக்கு உடனே விளங்கக்கூடியவை பல. நூல் நூற்கும் தக்களியில் செருகும் சுடுமண் வில்லைகள் அங்கே கிடைத்துள்ளன. கதிர் சுழலும்போது வேகம் தளராமல் காப்பது அவ்வில்லையின் கனமே. கூரிய முனையுடைய எலும்புக் கருவிகளும், செம்பு ஊசியும், தறியில் நூலைத் தொங்கவிடப் பயன்பட்டதாகக் கருதப்படும் கற்களும் கிடைத்தன. அவ்விடத்துக் கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டுள்ளது. நொய்யலாற்றங் கரையிலுள்ள கொடுமணலிலும் தக்களி வில்லைகள் கிடைத்துள்ளன. இன்றும் நெசவுக்குப் பெயர் பெற்ற ஈரோடு வட்டாரத்தில்தான் அவ்வூர் இருக்கிறது.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்குச் செங்கல்லால் கட்டிய தொட்டிகளைக் கண்டு, அவை துணிக்குச் சாயமிடப் பயன்பட்டிருக்கலாம் எனக் கருதினார். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் தோண்டியபோது அங்கும் சாயத் தொட்டி எனக் கருதப்படும் அமைப்பு வெளிப்பட்டது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல் வணிக நூல், ‘அர்காரு’ என்னும் இடத்து மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்விடம் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

உழவர்களுக்குரிய சான்றுகளும் குறைவல்ல. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009-10-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், நான்கு கால்களுடைய ஜாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் இருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இறந்தவரை அடக்கம் செய்தவர்கள் பொன்னை வைக்காமற் போயிருக்கலாம்; நெல்லை வைத்தனர். அதன் பொருளை உழவருக்கு விளக்க வேண்டுவதில்லை.

குன்றில் பொறித்த இரு தொழில்கள்

மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. துறவியர் தங்குவதற்குக் கொடை அளித்தவர்களின் பெயர்கள் அவற்றில் காணப்படுகின்றன. அவர்களுள் ஒருவன் அறுவை வணிகன், அதாவது துணி விற்பவன். மற்றொருவன் கொழு வணிகன். ஏர்முனையில் பூட்டும் கொழுவை விற்பவன். உப்பு வணிகனும் அங்கே உண்டு. தறியைச் சார்ந்தவனும் ஏரைச் சார்ந்தவனும் ஒரே பாறையில் பெயர் பொறித்திருக்கின்றனர். மாங்குளம் குன்றிலுள்ள கல்வெட்டோ ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்று ஒரு கூட்டத்தாரைக் குறிக்கிறது. நிகமம் என்பது வணிகர் குழு. தனித்து நின்று செய்ய இயலாததைக் கூடி நின்று செய்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று என்பதற்கு இவை சாட்சி.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் சங்க நிர்வாகிகள் கேட்டறிய வேண்டியவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறை அவற்றில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவை அவ்வாறே அமைக்கப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வரலாகாது என்பது அதில் ஒரு விதி. அச்சபை பிராமணர் ஊருக்குரியது. ஊரார் அனைவருக்கும் அதில் இடமிருந்ததில்லை. இக்குறையையும் மறைக்காமல் கூறும் சொற்பொழிவே பயனுடையது. எனினும், பொதுப்பணத்தைக் கையாண்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நியதி 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டதை நம் அங்கத்தினர் அறிதல் நன்று.

அறியாமையால் நேரும் இழப்பு

இத்தகைய சான்றுகள் அழிவது பெரும்பாலும் தீய எண்ணத்தால் அன்று. ஊருக்கு வெளியே ஓடுகள் நிறைந்த மேட்டு நிலம் ஒன்று இருக்கும். செங்கற் சூளைக்கும், பள்ளம் நிரப்புவதற்கும் அம்மண்ணை வெட்டி எடுப்பர். எழுத்துள்ள கல் துணி துவைக்கும் கல்லாகும். நடுகல் வரப்பில் புதையும். வண்டியில் ஏற்றிய மண்ணோடு பானை ஓடும், மணியும், தக்களி வில்லையும் போய்விடும். அவற்றைப் பின்னர் யாரேனும் பொறுக்கி எடுத்தாலும் பாதிப் பயனே உண்டு. எந்த ஆழத்தில், எந்தப் பொருளோடு சேர்ந்து கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலமும் பயனும் அறியப்படுகின்றன. பாவிலிருந்து பிடுங்கிய இழையைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தச் சேலையில், எந்தக் கரையில் இருந்ததென்று எவரால் கூற இயலும்?

அச்சமும் ஓர் காரணம். “தெரிவித்தால் நிலம் போய்விடும், வழக்கு வரும்” என்று எண்ணிக் கண்டதை மூடிவிடுவோர் உளர். அகழாய்வுக் குழிகளை அளந்து, படமெடுத்து, பதிவு செய்தபின் மண்ணிட்டு மூடுவது வழக்கம். கீழடியிலும் முதற்கட்டங்களில் தோண்டிய குழிகள் மூடப்பட்டன. எனினும் எந்த நிபந்தனையின்மேல் நிலம் பெறப்படுகிறது, பயிர் இழப்புக்கு என்ன ஏற்பாடு, இடம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால் சாகுபடிக்கு என்ன கட்டுப்பாடு என்பவற்றை அதிகாரிகளிடம் நேரில் கேட்டறிவது நிலமுடையவரின் உரிமை. புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசு அதனை எடுத்துக்கொண்டால், பொருளின் மூலமதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து வழங்க அச்சட்டம் இடமளிக்கிறது. மறைத்தவனுக்கோ தண்டனையுண்டு. இச்செய்திகள் கூட்டத்தில் யாவர் காதிலும் விழும்படி கூறப்பட்டால் வீண் அச்சம் அகலும்.

கேட்பதும் கூறுவதும்

சொற்பொழிவு என்றவுடன் ஒருவர் மேடையில் பேசுவதும் மற்றவர் வாளாவிருந்து கேட்பதுமே பலர் நினைவுக்கு வரும். தொல்லியல் கூட்டத்திற்கு அது போதாது. கருவியைக் கண்டெடுப்பவர் ஆராய்ச்சியாளர். அதைக் கையாளத் தெரிந்தவர் தொழிலாளர். செங்கல் தொட்டி ஒன்றைப் படத்தில் காட்டினால், தண்ணீர் எவ்வழி வந்தது, கழிவுநீர் எவ்வழி வடிந்தது, நனைத்த துணியைப் பிழிந்து உலர்த்த அருகில் இடமிருந்ததா என்று சாயத் தொழிலாளி கேட்பார். தொங்கவிட்ட கல்லைக் காட்டினால், அதன் எடைக்கு எத்தனை இழைகள் விறைப்பாக நிற்கும் என்பதை நெசவாளர் மதிப்பிடுவார். கருகிய நெல்லின் படத்தைக் கண்டு மணியின் பருமனைப் பற்றி உழவர் வினா எழுப்புவார். இவ்வினாக்கள் ஆய்வாளருக்கும் உதவுவன.

தொழிலில் வழங்கும் சொற்களும் தொல்பொருளை ஒத்தவையே. குழித்தறி, அச்சு, விழுது, படமரம் முதலிய பெயர்களும், ஏர், மடை, மதகு ஆகியவற்றின் உறுப்புப் பெயர்களும் முதியோர் நாவில் இருக்கின்றன. கல்வெட்டில் ‘தறி இறை’ என்று வரும் வரியின் பெயரை அறிஞர் விளக்கலாம். தறியின் உறுப்பை நெய்பவரே விளக்க வல்லவர். சொற்பொழிவு நாளன்று மூத்த அங்கத்தினரைப் பேசச் செய்து, ஓர் இளைஞர் அச்சொற்களை எழுதிக்கொள்வாராயின், அதுவே அவ்வூரின் நல்ல ஆவணமாகும்.

நடத்தும் முறை

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கூட்டுறவு வாரம் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படுகிறது. உலக மரபு வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை. இரண்டும் கூடுகின்ற 19, 20 ஆகிய நாள்களுள் ஒன்றைச் சொற்பொழிவிற்குக் கொள்ளலாம். ஆகஸ்டு 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி நாள். நெசவாளர் சங்கங்களுக்கு அதுவும் ஏற்றது. அறுவடையும் பண்டிகை வேலையும் நெருக்காத மாலைப்பொழுதாக இருத்தல் வேண்டும்.

மாவட்டத் தொல்லியல் அலுவலரையோ, கல்லூரி வரலாற்றுத் துறையினரையோ கடிதம் எழுதி அழைக்கலாம். பேச்சு ஒரு மணி நேரத்திற்கு மிகாமலும், வினா விடை அதற்குக் குறையாமலும் அமைக. பிறவூர்ப் பெருமையை மட்டும் பேசாமல், நம் வட்டத்தில் உள்ள ஒரு கல்வெட்டையாவது படித்துப் பொருள் கூறும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்களும் மாணவரும் முன்வரிசையில் அமரட்டும். தறிக்கூடத்திலும் வயலிலும் பாதி வேலை பெண்களுடையது.

மறுநாட் காலையில் அருகிலுள்ள பழைய இடத்திற்கு யாவரும் நடந்து சென்று வருதல் சிறப்பு. மதுரை வட்டாரத்தில் ‘பசுமை நடை’ என்னும் குழுவினர் இவ்வாறு பொதுமக்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, அங்கேயே அறிஞரைக் கொண்டு பேசச் செய்து வருகின்றனர். பாறையின் முன் நின்று கேட்ட செய்தி நெடுநாள் நினைவில் நிற்கும்.

அங்கத்தினர் அன்று மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பினால் போதும். பழம்பொருள் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்துக. பொருளை எடுக்காமல், இடத்தையும் நாளையும் ஆழத்தையும் குறித்துக்கொள்க. கிராம நிர்வாக அலுவலருக்கும் சங்கச் செயலாளருக்கும் உடனே கூறுக. செயலாளர் இதற்கென ஒரு பதிவேடு வைத்து, செய்தியைத் தொல்லியல் துறைக்கு எழுதுவாராக. சாதிப் பெருமை பேசவோ, ஊர்ச் சண்டைக்குச் சான்று தேடவோ இக்கூட்டத்தைப் பயன்படுத்த இடமளித்தல் ஆகாது.

நூலின் விலையும் நெல்லின் விலையும் ஆண்டுதோறும் மாறும். அவை பற்றி மீண்டும் கூடிப் பேசலாம். மேட்டிலிருந்து வெட்டிச் சென்ற மண்ணைத் திரும்பக் கொணர்ந்து பழையபடி அடுக்க இயலாது. ஆகவே அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் சங்கத்தைக் கேட்டுக்கொள்வார்களாக.