தட்டில் மாண்ட அணுக்கள்

சிப்காட் ஆலைகளின் இரைச்சல் அடங்கிய சிறிது தூரத்திலேயே மலை தொடங்கிவிடுவது ஓசூருக்கு வாய்த்த விசேஷம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று ஒகேனக்கல்லை நோக்கிச் செல்லும் இந்த எல்லைப்புறத்தின் வறண்ட குன்றுகளில், நாமும் கன்னடத்தாரும் ஒருங்கே ஊறுகாய் போடும் மாகாளிக்கிழங்கு முதல், வெள்ளைப் பூவுடன் புதரோரம் நிற்கும் சித்திரமூலம் வரையில், வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிவந்த வேர்கள் புற்றுநோய் அணுக்களைக் கொல்லுமா என்று அறியும் ஆவல் இப்போது ஆய்வுக்கூடங்களையும் பற்றிக்கொண்டிருக்கிறது.

நிழலில் உலர்த்தி இடித்த வேர்ப்பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, திரவத்தை ஆவியாக்கினால், பிசுபிசுவென்று ஒரு கருஞ்சாறு எஞ்சும். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டிலே 96 சிறு குழிகள். அவற்றில், புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து தருவித்த அணுக்கள், பலசமயம் 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கட்டியிலிருந்து எடுத்து இன்றளவும் பெருகிவரும் ஹீலா வம்சத்து அணுக்கள், 37 டிகிரி வெப்பத்தில் வளர்கின்றன. சாற்றைப் பல அளவுகளில் கலந்து, ஓரிரு நாள் வைத்திருந்து, 1983-இல் டிம் மோஸ்மன் வகுத்த முறைப்படி எம்டிடி என்னும் மஞ்சள் சாயத்தை விடுவார்கள். உயிருள்ள அணு அதை ஊதாவாக்கும். மாண்ட அணுவால் அது இயலாது.

இங்கேதான் சூட்சுமம். பாலிபீனால் மிகுந்த வேர்ச்சாறு, அணுவே இல்லாத குழியிலும் தானே சாயத்தை ஊதாவாக்கி, செத்ததைப் பிழைத்ததாகக் காட்டிவிடும். ஆகவே அணு இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் இட்ட ஒரு வரிசை அவசியம். அந்த வரிசை இல்லாத அட்டவணை எத்தனை அழகாக அச்சாகியிருந்தாலும் நான் நம்புவதில்லை.

சரி, அணு மெய்யாகவே மாண்டது என்றே கொள்வோம். சித்திரமூல வேரை அரைத்துத் தோலில் பூசினால் கொப்புளம் எழும். அதிலுள்ள பிளம்பாஜின் அத்தனை உக்கிரமானது, சுத்தி செய்யாமல் வைத்தியரும் அந்த வேரைக் கையாளார். தோலையே புண்ணாக்கும் வஸ்து தட்டிலுள்ள அணுவைக் கொல்வதில் என்ன அதிசயம்? நல்ல அணுவை விட்டுவைக்கிறதா என்பதல்லவோ கேட்க வேண்டியது!

இமயமலைச் சரிவில் விளையும் போடோபில்லம் என்ற மூலிகையின் கதை இதற்கு நல்ல சான்று. அதன் வேர்த்தண்டிலுள்ள போடோபில்லோடாக்ஸின் அணுப் பிரிவையே தடுக்கும் வல்லமை வாய்ந்தது. ஆனால் உடலுக்குள் செலுத்தத் தகாத விஷம். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனி ரசாயனிகள் அதன் அமைப்பை மாற்றியமைத்துப் பெற்ற எட்டோபோசைடு, 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, நுரையீரல், விரைப் புற்றுகளுக்கு மருந்தாயிற்று. தாய்ப்பொருள் செய்த வேலையை மகவு செய்யவில்லை. அது டிஎன்ஏ இழைகள் அறுந்தபின் மீண்டும் ஒட்டாதபடி தடுக்கிறது. வேரின் குணம் அப்படியே மருந்தாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. வெள்ளைப் பூவின் சித்திரமூலத்தைவிட, அதன் இனமான செங்கொடிவேலியின் வேரில் பிளம்பாஜின் அதிகம். உலர்ந்து துண்டாகிச் சாக்கில் ஏறிய பிறகு இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. ஆதலால் பூவோடும் இலையோடும் செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாவரவியலாரிடம் பெயர் நிச்சயம் செய்துகொண்ட பின்னரே வேரைத் தோண்டுவது முறை. தோண்டும்போது வேரில் ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டுவைத்தால் செடி மறுபடி துளிர்க்கவும் கூடும்.