நார்மலா... ஆபரேஷனா?

''கொழந்தை பொறந்திருச்சுங்களா? ரொம்ப சந்தோஷமுங்க. நார்மலா, ஆபரேஷனா?''

காந்திபுரம் டவுன் பஸ்ஸில் செல்போனில் நலம் விசாரிக்கிற எந்த அக்காவும் கேட்காமல் விடாத கேள்வி இது. நம்ம அமுச்சிகளில் பாதிப் பேர் வீட்டிலேயே பெத்தவங்க. அப்போ இந்தக் கேள்வியே கிடையாது. இப்போ? பூவா, தலையா போட்டுப் பார்த்தே பதில் சொல்லிடலாம் பாஸ்!

தேசிய குடும்ப நல ஆய்வைப் புரட்டினால், 2005-06ல் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 20 சிசேரியன். 2015-16ல் 34. 2019-21ல் 45. அதே ஆய்வில் இந்தியா முழுக்கச் சேர்த்து 21.5தான். பதினைந்து வருஷத்தில் நம்ம பொண்ணுங்களோட இடுப்பெலும்பு சுருங்கியா போச்சு?

இன்னொரு கணக்கு. 2019-21ல் நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவிகிதம், தனியாரில் 64! தனியாருக்கு வயசு கூடின அம்மாக்கள், ட்ரீட்மென்ட் எடுத்து உண்டானவர்கள் அதிகம் வரலாம். சரி, ஆனால் இவ்வளவு வித்தியாசமா?

நார்மல் பிரசவம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இழுக்கும். ஆபரேஷன் ஒரு மணி நேரம். ஒரே ஒரு டாக்டர் இருக்கிற சின்ன நர்ஸிங் ஹோமில் ராத்திரி முழுக்க யார் காத்திருப்பது? ஏதாவது ஆனால் கேஸ் போடுவாங்களே என்ற பயம் வேறு. மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு.

டாக்டரை மட்டும் திட்டாதீங்க. கொங்குப் பக்கம் எப்பவோ 'ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு' என்று நிறுத்திக்கிட்டோம். ரிஸ்க் எடுக்க யாருக்கும் மனசு வராது. மூலம், ஆயில்யம் வந்துடக்கூடாது என்று ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கி வருகிற மாமியார்களும் உண்டு. வலிக்குப் பயந்து தானே கேட்கிற பொண்ணுங்களும் உண்டு. அது தப்பில்லை, வலியைக் குறைக்க முதுகில் போடுகிற ஊசி இருக்கு என்று யாராவது சொன்னாங்களா?

குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வாசலை அடைத்தாலோ கத்திதான் காப்பாற்றும். அதில் ரெண்டு பேச்சே கிடையாது. 'வலி தாங்காதவ' என்று குத்திக் காட்டுகிற சித்திகளைக் கண்டுக்காதீங்க. ஆனால் தேவையில்லாமல் கீறினால் அடுத்த பிரசவமும் பெரும்பாலும் ஆபரேஷன்தான். பழைய தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டு ரத்தம் கொட்டுகிற ஆபத்து ஒவ்வொரு தடவையும் ஏறும். ஒரு நாட்டில் 10 சதவிகிதத்தைத் தாண்டிக் கூடுகிற சிசேரியனால் தாய், சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொல்லிவிட்டது.

''இப்பவே பண்ணணுங்களா டாக்டர், கொஞ்ச நேரம் பாக்கலாமுங்களா?'' இதைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார்.

பசங்களா, பக்கத்தைத் திருப்பிடாதீங்க. அஞ்சாறு வருஷம் கழித்து ராத்திரி ரெண்டு மணிக்கு நர்ஸ் நீட்டுகிற ஃபாரத்தில் கையெழுத்துப் போடப்போறது நீங்களாத்தான் இருக்கும்.