200 மில்லிலீற்றர்: ஓர் அச்சுவேலிப் பூனையின் தண்ணீர்க் கணக்கு

நான்கு கிலோ நிறையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர்; கிலோவுக்கு 50 என்ற கணக்கு. குடிப்பதும் சாப்பாட்டோடு உள்ளே போவதும் சேர்ந்ததுதான் இந்த 200. அச்சுவேலியில் ஒரு கடுவனுக்கு மூத்திரம் அடைத்துவிட்டால் முதற்பழி கிணற்றின்மேல்தான் விழும். "இது கல்லுத் தண்ணியெல்லே" என்பார்கள். சுண்ணாம்புக் கல்லின்மேல் குடியிருக்கும் சனத்துக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 அனுமதிக்கும் வன்மை, கல்சியம் காபனேற்றுக் கணக்கில், லீற்றருக்கு 250 மில்லிகிராம். வலிகாமத்தில் பல கிணறுகள் இதைத் தாண்டும். உங்கள் கிணறு அதன் இரட்டிப்பு, 500 என்றே வைப்போம். பூனை 200 மில்லிலீற்றரையும் அதிலேயே குடித்தாலும், வன்மை முழுவதும் கல்சியத்தால் வந்ததென்றாலும், உள்ளே போகும் கல்சியம் 40 மில்லிகிராம். அதே பூனை தின்னும் 55 கிராம் உலர் தீனில், 1 வீதக் கல்சியம் என்றால், 550 மில்லிகிராம் இருக்கிறது. கிணற்றின் பங்கு 7 வீதத்துக்குக் கிட்ட. தண்ணீரைக் கொதிக்கவைத்தோ போத்தல் தண்ணீர் வாங்கியோ மிச்சம் பிடிப்பது இந்த 7 வீதத்துக்குள்தான்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது தண்ணீரின் அளவு. உலர் தீனில் ஈரம் 10 வீதம். 55 கிராமில் ஐந்தரை மில்லிலீற்றர். மீதி 195 ஐப் பூனை கிண்ணத்தில் குடிக்கவேண்டும். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த இந்தச் சீவன் இரையிலிருந்தே ஈரம் எடுத்துப் பழகியது. தாகம் அதற்கு மந்தம். அது குடிக்காமல் விட்ட தண்ணீருக்கு ஈடாக மூத்திரம் தடிக்கிறது, தடித்த மூத்திரத்தில் பளிங்கு படிகிறது.

பாதித் தீன், பாதி மீன் என்று மாற்றினால் கணக்கு இப்படி வரும்: 28 கிராம் தீனை 60 மில்லிலீற்றர் தண்ணீரில் ஊறவைத்தால் தீனின் ஈரத்தோடு 63. உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சூடை மீன் 80 கிராமில் 56. அவித்த தண்ணீர் 40. மொத்தம் 159, கிண்ணத்தில் குடிக்கவேண்டியது 41 தான். தனி மீனும் சோறும் மட்டும் போதாது. அவிக்கும்போது ரோரீன் தண்ணீரில் இறங்கிவிடும், முள் எடுத்த மீனில் கல்சியம் குறைவு. அதனால்தான் தீனை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. மாற்றத்தை 7 முதல் 10 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு கழியும்.

செலவுக்கு வட்ட எண்களை எடுப்போம். தீன் கிலோ 2,500 ரூபாய் என்றால் தனித் தீனுக்கு நாளுக்கு 137.50, மாதம் 4,125. மீன் கிலோ 1,000 என்று வைத்து முழுமீனாக 125 கிராம் வாங்கினால், பாதிப் பாதிக்கு 195, மாதம் 5,850. மேலதிகம் 1,725. ஈரத்தீன் பைக்கற்றை மட்டும் கொடுத்தால், 80 கிராம் பைக்கற் 250 ரூபாயாக இரண்டரை வேண்டும், மாதம் 18,750. எங்கள் பக்கத்துச் சம்பளங்களுக்கு அது கட்டாது. சந்தையில் அன்றைய விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

சொதிச் சோறு வேண்டாம். கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கப் போதும்; நான்கு கிலோவுக்கு 20 கிராம், எங்கள் செம்மண் தறையில் விளையும் சின்ன வெங்காயம் இரண்டு. பசுப்பாலும் அப்படித்தான். 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 4.7 கிராம் பாற்சீனி உண்டு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செமிக்காது. "பால் குடிச்சுப் போட்டுப் பேதி" என்ற முறைப்பாட்டில் பாதியைப் பாலை நிறுத்தியே தீர்க்கலாம் என்பது என் எண்ணம்.

மூத்திரக் கல்லின் கதையும் மாறிவிட்டது. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துக் கல் ஆய்வு மையத்துக்கு 1981 இல் வந்த பூனைக் கற்களில் 78 வீதம் மக்னீசியம் சேர்ந்த ஸ்ட்ருவைற், 2 வீதம் கல்சியம் ஒக்சலேற்று. 2000களில் ஒக்சலேற்று 40 வீதத்துக்கு மேல் நின்றது. தீனில் மக்னீசியத்தைக் குறைத்து மூத்திரத்தைப் புளிப்பாக்கியது முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. ஸ்ட்ருவைற் மருத்துவத் தீனில் சில வாரங்களில் கரையும். ஒக்சலேற்று கரையாது, எடுக்கத்தான் வேண்டும். மூத்திரக் கோளாறு வரும் இளம் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கல்லுமில்லை, கிருமியுமில்லை. பதற்றமே சிறுநீர்ப்பையை அழற்றுவதாகக் கருதப்படுகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து வீடு நிறையும்போது பூனைக்கு ஓர் அறையை ஒதுக்கிவிடுவதும் வைத்தியந்தான்.

இனி அவசரம். நலமான பூனை நாளுக்கு 80 முதல் 160 மில்லிலீற்றர் வரை, இரண்டு தொடக்கம் நான்கு தடவையில் பெய்யும். ஒரு தட்டில் மணல் போட்டு வைத்தால் ஈரத்தின் அளவு கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கை அகல ஈரம் போய், ரூபாய்க் குற்றி அளவில் பத்துப் பொட்டுகள் தெரிந்தால் கவனியுங்கள். கடுவன் குந்தியிருந்து முக்கி, கத்தி, பின்பக்கத்தையே நக்கினால் பலர் மலச்சிக்கல் என்று நினைத்து ஆமணக்கெண்ணெய் பருக்குகிறார்கள். அதில் போகும் நேரந்தான் உயிர். அடிவயிற்றில் தோடம்பழம்போல் இறுகித் தட்டுப்பட்டால் அது மூத்திரம். வைத்தியர் விடும் குழாய் 3.5 பிரெஞ்சு அளவு, 1.2 மில்லிமீற்றருக்குக் கிட்ட. கடுவனின் வழி அவ்வளவு ஒடுக்கம். அடைத்து 24 முதல் 48 மணிக்குள் இரத்தத்தில் கழிவும் பொற்றாசியமும் ஏறும். வழக்கமாக 5.5 க்குள் நிற்கும் பொற்றாசியம் 8 ஐத் தாண்டினால் இதயம் தடுமாறும். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்துக்குப் போக நினைத்தால் ஏ9 வீதி மட்டும் 321 கிலோமீற்றர். முதற்குழாய் யாழ்ப்பாணத்திலேயே விடப்படவேண்டும்.

நோவுக்குப் பனடோல் கொடுக்கவே வேண்டாம். கிலோவுக்கு 10 மில்லிகிராமே பூனைக்கு நஞ்சாகியிருக்கிறது. 500 மில்லிகிராம் குளிசையில் காற்பங்கு கொடுத்தாலும் நான்கு கிலோ உடலுக்கு அது கிலோவுக்கு 31.

வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்குமுன் மூன்றைக் குறித்து வையுங்கள்: பூனையின் நிறை, கடைசியாக மூத்திரம் பெய்த மணி, கடைசியாக மலம் போன நாள்.