விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு வருடம் மட்டும்தானா?



உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் மின்சாரப் பட்டியல், நகைக் கடைச் சீட்டு, தையல் இயந்திரத்தின் உத்தரவாதப் பத்திரம் என்று எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றை எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசருக்கு ஐந்து வருடம், பத்து வருடம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் பிள்ளைகளின் தொல்லை தாங்காமல், சீட்டுக் காசையும் சேர்த்து வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பெட்டிக்கோ ஒரே ஒரு வருடம்! கூட வந்த சில உதிரிக் கருவிகளுக்கு மூன்று மாதம்!

இரண்டும் மின்சாரத்தில் இயங்குபவைதானே? இரண்டுக்கும் கைநிறையப் பணம் கொடுத்துத்தானே வாங்கினோம்? அப்படியானால் ஏன் இந்த வித்தியாசம்? “ஒரு வருடத்தில் பழுதாகிவிடும் என்று செய்தவனுக்கே தெரியும் போலிருக்கிறது” என்று பலர் சொல்வதுண்டு. அது முழு உண்மையல்ல. முழுப் பொய்யும் அல்ல. சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இயந்திரத்துக்கும் உண்டு குழந்தைப் பருவம்

மின்னணுப் பொருட்கள் எப்போது பழுதாகின்றன என்பதைப் பொறியியலாளர்கள் ஒரு கோடாக வரைந்து காட்டுவார்கள். அந்தக் கோடு குளியல் தொட்டியின் வடிவில் இருக்கும். தொடக்கத்தில் உயரம், நடுவில் நெடுந்தூரம் பள்ளம், கடைசியில் மீண்டும் உயரம்.

தொழிற்சாலையில் சரியாகப் பொருத்தப்படாத ஒரு பகுதி, குறையுள்ள ஒரு சில்லு ஆகியவை பெரும்பாலும் ஆரம்ப வாரங்களிலும் மாதங்களிலும் தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் காலத்தைத் தாண்டிய சாதனம் பொதுவாகச் சில வருடங்கள் தொந்தரவின்றி ஓடும். அதன்பின் தேய்மானம் தொடங்கும். மின்விசிறி தளரும், தூசி அடைக்கும், பொத்தான் தேயும்.

உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் முதலாவது பகுதிக்குத்தான். “எங்கள் கையால் நேர்ந்த குறைக்கு நாங்கள் பொறுப்பு. உங்கள் பாவனையால் வரும் தேய்மானத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்பதே அந்தச் சிறிய எழுத்துக்களின் சாரம். ஆகவே ஒரு வருட உத்தரவாதம் என்றால் ஒரு வருட ஆயுள் என்று பொருளல்ல. அது கொம்பனி தன் தலையில் சுமக்கச் சம்மதிக்கும் பாரத்தின் அளவு மாத்திரமே.

இலாபம் பெட்டியில் இல்லை

இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாதது. குளிர்சாதனப் பெட்டியை விற்பவர் அந்தப் பெட்டியிலேயே இலாபம் பார்க்கிறார். விளையாட்டுச் சாதனத்தைச் செய்பவரோ பல வேளைகளில் பெட்டியை மிகக் குறைந்த இலாபத்துக்கு, சிலபோது நட்டத்துக்கே விற்கிறார். அவருடைய வருமானம் பின்னால் வாங்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலிருந்தும் கிடைக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் சொனி கொம்பனியின் பிளேஸ்டேஷன் 3. 2006 நவம்பரில் அமெரிக்காவில் அது 499 டொலருக்கும் 599 டொலருக்கும் விற்பனைக்கு வந்தது. அதைக் கழற்றி ஆராய்ந்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், அவற்றைச் செய்வதற்கான செலவே முறையே 800 டொலருக்கு மேல், 840 டொலர் என்று மதிப்பிட்டது. அதாவது ஒவ்வொரு பெட்டியும் கடையை விட்டு வெளியேறும்போதே இருநூறு டொலருக்கு மேல் நட்டம்!

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டியில் பத்து டொலர் இலாபம் என்று வைத்துக் கொள்வோம். நூறு பெட்டி விற்றால் ஆயிரம் டொலர். அவற்றில் பத்துப் பெட்டி திரும்பி வந்து, ஒவ்வொன்றையும் திருத்த நூறு டொலர் செலவானால் இலாபம் முழுவதும் போய்விடும். உத்தரவாதத்தை ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடமாக நீட்டினால் திரும்பி வரும் பெட்டிகளின் தொகை கூடும். அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் ஒதுக்கி வைக்கவும் வேண்டும். இலாபம் மெலிந்த பொருளுக்கு உத்தரவாதமும் மெலிந்துபோவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போகும்போது “எத்தனை வருடம் கரண்டி?” என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். வீடியோ கேம் பெட்டிக்கு அந்தக் கேள்வியைக் கேட்பவர் யார்? “கூட்டாளி வீட்டில் இருக்கும் விளையாட்டு இதில் வருமா?” என்றுதானே மகன் கேட்கிறான்! உலகச் சந்தையில் பெரிய கொம்பனிகள் சொனி, மைக்ரோசொப்ட், நின்டென்டோ என மூன்றுதான். வாங்குபவர் உத்தரவாதத்தைப் பார்த்துத் தெரிவு செய்வதில்லை என்பதால், அதில் ஒருவரை ஒருவர் முந்த வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

மூன்று சிவப்பு விளக்குகள் சொன்ன பாடம்

2005 நவம்பரில் மைக்ரோசொப்ட் தனது எக்ஸ்பொக்ஸ் 360 என்ற சாதனத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. அங்கு அதற்குக் கொடுக்கப்பட்ட உத்தரவாதம் எவ்வளவு தெரியுமா? வெறும் 90 நாட்கள்! நானூறு டொலர் கொடுத்து வாங்கியவருக்கும் மூன்று மாதம்தான்.

விரைவிலேயே முறைப்பாடுகள் குவியத் தொடங்கின. சாதனத்தின் முன்புறத்தில் மூன்று சிவப்பு விளக்குகள் மினுங்கும். அத்தோடு எல்லாம் நின்றுவிடும். உத்தரவாதம் முடிந்தவர்கள் திருத்துவதற்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுக்கவே, 2006 டிசம்பரில் உத்தரவாதம் ஒரு வருடமாக்கப்பட்டது. அதுவும் போதவில்லை. 2007 ஜூலையில், அந்த மூன்று விளக்குக் கோளாறுக்கு மட்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் இலவசமாகத் திருத்தித் தருவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. ஏற்கனவே பணம் கட்டித் திருத்தியவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. இதற்கென அது ஒதுக்கிய தொகை 105 கோடி முதல் 115 கோடி டொலர் வரை! பழுதான பெட்டிகளைக் கொண்டுவரவும் திருப்பி அனுப்பவும் ஆன செலவே 24 கோடி டொலர் என்று அப்போது பொறுப்பிலிருந்த பீட்டர் மூர் பின்னாளில் கூறினார்.

கோளாறு எங்கே இருந்தது? விளையாட ஆரம்பித்தால் சில்லு சூடாகிறது, அணைத்தால் குளிர்கிறது. சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதுபோலத்தான், ஆனால் மிக மெதுவாக. நாள்தோறும் சூடேறிக் குளிர்ந்து, சில்லின் உள்ளே இருந்த நுண்ணிய இணைப்புகள் வெடித்துப்போயின. 2021இல் வெளியான தனது ஆவணப்படத்தில் மைக்ரோசொப்ட்டே இதனை விளக்கியது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். இந்தக் குறை முதல் நாளில் தெரியும் குறையல்ல. பல நூறு தடவை சூடேறிக் குளிர்ந்த பின்னரே வெளிவரும் குறை. ஆனாலும் அது பாவனையாளர் செய்த தவறல்ல, செய்தவர் செய்த தவறு. தொண்ணூறு நாள் உத்தரவாதம் இப்படிப்பட்ட குறையின் பாரத்தை வாங்கியவர் தலையில் இறக்கி வைத்துவிடுகிறது. குறுகிய உத்தரவாதத்தின் உண்மையான அநீதி இதுதான்.

சட்டம் மாறினால் காலமும் மாறும்

உத்தரவாதக் காலம் பொருளின் ஆயுளைக் காட்டுவதல்ல என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மக்னசன்–மொஸ் சட்டம், எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தால் அதைத் தெளிவாகக் கொடுக்க வேண்டும் என்று கூறுகிறது. இத்தனை மாதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அது கூறவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 1999ஆம் ஆண்டின் நெறிமுறைப்படியும் அதன் இடத்துக்குப் பின்னர் வந்த 2019ஆம் ஆண்டின் நெறிமுறைப்படியும், விற்கும்போதே இருந்த குறைக்கு விற்றவர் குறைந்தது இரண்டு வருடம் பொறுப்பாளி. பெட்டி ஒன்றேதான். கடல் தாண்டினால் பாதுகாப்பு வேறாகிறது!

அந்த இரண்டாவது வருடம் எவ்வளவு பெறுமதியானது என்பதை நின்டென்டோ ஸ்விச் காட்டியது. 2017 மார்ச்சில் வந்த இச்சாதனத்தின் ஜோய்கொன் என்ற கைக்கருவியில், யாரும் தொடாமலே படத்தில் உள்ள உருவம் தானாக நகரும் கோளாறு பரவலாக ஏற்பட்டது. ஐரோப்பியப் பாவனையாளர் அமைப்பு சுமார் 25,000 முறைப்பாடுகளைத் திரட்டி 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் கொடுத்தது. அவற்றில் 88 வீதமானவை முதல் இரண்டு வருடங்களுக்குள் ஏற்பட்ட பழுதுகள். 2023இல், சட்டம் கூறும் இரண்டு வருடம் கடந்த பின்னரும் அந்தக் கோளாறை இலவசமாகத் திருத்தித் தருவதாக நின்டென்டோ ஐரோப்பாவில் ஒப்புக்கொண்டது. தனித்தனியே முணுமுணுத்தவர்களின் குரல் ஒன்றாகச் சேர்ந்ததால் கிடைத்த பலன் அது.

“இதைக் கழற்றினால் உத்தரவாதம் இரத்து” என்று ஒட்டப்படும் சீட்டுகளும் கேள்விக்கு அப்பாற்பட்டவையல்ல. இத்தகைய நிபந்தனைகள் குறித்து அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2018 ஏப்ரலில் ஆறு கொம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மேலே சொன்ன மூன்று கொம்பனிகளும் அவற்றில் அடங்கும்.

நம் நாட்டிலும் பாவனையாளர் கைவிடப்பட்டவர் அல்லர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றது பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். கையில் பற்றுச்சீட்டும் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, பெரும்பாலும் உத்தரவாதம் வாங்கிய திகதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. பெட்டியைத் திறந்த திகதியிலிருந்து அல்ல. பெருநாளுக்குக் கொடுப்போம் என்று மூன்று மாதம் முன்பே வாங்கி அலுமாரியில் ஒளித்து வைத்தால், அந்த மூன்று மாதமும் வீண். அன்றே திறந்து, போட்டுப் பார்த்து, பிறகு வேண்டுமானால் ஒளித்து வையுங்கள்.

இரண்டாவது, முதல் சில வாரங்களில் எல்லாப் பகுதிகளையும் நன்றாக இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானையும், ஒவ்வொரு இணைப்பையும் சோதியுங்கள். குழந்தைப் பருவக் கோளாறு இருந்தால் அப்போதே வெளிவரட்டும்.

மூன்றாவது, பற்றுச்சீட்டையும் சாதனத்தின் தொடர் இலக்கத்தையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். கடைச் சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

நான்காவது, வெளிநாட்டிலிருக்கும் கணவரோ சகோதரரோ அனுப்பும் சாதனத்தின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கு அல்லது அந்தப் பிராந்தியத்துக்கு மட்டுமே உரியது. வாங்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி சொல்லுங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்கப்படும் சில சாதனங்கள் நமது 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்கமாட்டா. பின்புறம் எழுதியிருப்பதை வாசிக்காமல் செருகியில் மாட்ட வேண்டாம்.

ஐந்தாவது, கடைக்காரர் மேலதிகப் பணத்துக்கு நீண்ட உத்தரவாதம் தந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பழுதுக்கு? எந்தத் திகதியிலிருந்து? திருத்தித் தருபவர் யார்? முதல் வருடத்துக்கு ஏற்கனவே உரித்துள்ள பாதுகாப்பையே மீண்டும் விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

ஆறாவது, சூடுதான் இச்சாதனங்களின் பெரிய எதிரி. தொலைக்காட்சி மேசையின் மூடிய தட்டில், பின்னல் விரிப்பு போர்த்தி வைக்காதீர்கள். சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள். காற்று வாயில்களில் படியும் தூசியை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அடிக்கடி துடையுங்கள்.

சகோதரிகளே! உத்தரவாதத்தை நீட்டிக் கொடுக்கும்படி கொம்பனியை நாம் தனித்தனியாக வற்புறுத்த முடியாது. ஆனால் கொடுத்த காலத்தை வீணாக்காமல் பயன்படுத்த முடியும். பழுதானால் “நம் தலைவிதி” என்று மூலையில் போடாமல் எழுத்தில் முறையிடவும் முடியும். மகனின் கையில் அந்தப் பெட்டியைக் கொடுக்கும் முன், அதற்குள் மடித்து வைத்திருக்கும் கடதாசியை எடுத்து நீங்கள் ஒருமுறை வாசியுங்கள். பிறகு பத்திரமாக அந்த பிஸ்கட் டின்னில் வையுங்கள்.