பச்சோந்தி வளர்க்க ஆசையா? கூண்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வண்ண மீன், லவ் பேர்ட்ஸ், நாய்க்குட்டி என்று இருந்த வளர்ப்பு ஆசை இப்போது பச்சோந்தி வரை வந்துவிட்டது. செல்போனில் இரண்டு நிமிட வீடியோ பார்த்துவிட்டு, "ஒண்ணு வாங்கித் தாங்கப்பா" என்று உங்கள் வீட்டிலும் ஒரு குரல் கேட்டிருக்கலாம். வாங்கலாமா, சட்டப்படி சரியா, வாங்கினால் எங்கே, எப்படி வைப்பது? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களை மனதில் வைத்தே இந்தக் கட்டுரை. ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குக் கூண்டைச் சூடாக்குவது கவலை. நமக்கு நேர் எதிர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேலியில் உட்கார்ந்து தலையாட்டும் ஓணானைப் பலர் பச்சோந்தி என்கிறார்கள். அது வேறு, இது வேறு. பச்சோந்தியின் கால் விரல்கள் இடுக்கி போலக் கிளையைப் பிடிக்கும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். வால் சுருளும். நடை மிக மெதுவாக இருக்கும். நம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில் வாழ்வது இந்தியப் பச்சோந்தி. அதற்கு விஷம் கிடையாது. பயந்துபோய் அடித்துக் கொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மூர்ப் பச்சோந்தி: வளர்க்கவே கூடாது

இந்தியப் பச்சோந்தி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் அட்டவணையில் உள்ள உயிரினம். அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்", "புதர்ல கெடந்துச்சு, எடுத்து வந்து காப்பாத்தினேன்" என்பதெல்லாம் செல்லாது. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். இதற்கு உரிமமோ விதிவிலக்கோ கேட்டு அலைய வேண்டாம்.

மீதியிருப்பது அயல்நாட்டு இனங்கள். உலக அளவில் வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைச் சேர்ந்த வெயில்டு கமேலியன். (பேரில் 'வெயில்' இருக்கிறதே என்று மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள். தலையில் முக்காடு போட்டதுபோல் கொண்டை இருப்பதால் வந்த ஆங்கிலப் பெயர் அது.) அடுத்து மடகாஸ்கரின் பேந்தர் கமேலியன். இரண்டுமே சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. அப்போது ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுக்கப்பட்டது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் நம் மாநில வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். விலங்கு இறந்தாலும், முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாலும், வேறு ஒருவருக்குக் கொடுத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். மாநகராட்சியில் நாய்க்கும் பூனைக்கும் எடுக்கும் உரிமம் இதற்குப் பொருந்தாது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எங்கிருந்து வந்துச்சு, பேப்பர் காட்டுங்க." செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் கடையே மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பில், விற்பவரின் பதிவு விவரம், இறக்குமதியானது என்றால் அதன் அனுமதிப் பத்திரங்கள் ஆகியவை கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பெட்டிக்குள் துணியில் சுற்றி ஒளித்து, விமானத்தில் கடத்தி வரும் அயல்நாட்டு உயிரினங்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடிப்பதை அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். பிடிபடாமல் தப்பியதுதான் "ப்ரோ, கம்மி ரேட்" என்று வாட்ஸ்அப்பில் உங்களிடம் வரும். பேப்பர் இல்லாததைப் பதிவு செய்யவும் முடியாது, உடம்பு சரியில்லை என்றால் தைரியமாக டாக்டரிடம் கொண்டுபோகவும் முடியாது.

கூண்டு: உயரமும் காற்றும்

பேப்பர் சரி என்று வைத்துக்கொள்வோம். உயிரினம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கூண்டு தயாராக இருக்க வேண்டும். மீன் தொட்டி வேண்டாம். கண்ணாடித் தொட்டியில் காற்று தேங்கும், சூடு ஏறும், தன் நிழலையே எதிரி என்று நினைத்து அது மிரளும். வளர்ந்த வெயில்டு கமேலியனுக்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நான்கடி உயரம் கொண்ட வலைக்கூண்டு குறைந்தபட்ச அளவு. மரத்தில் வாழும் உயிரினம் என்பதால் அகலத்தைவிட உயரம் முக்கியம்.

வலை எது என்பதில் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாதாரண ஜிஐ கம்பி வலை கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து உரியும். பிளாஸ்டிக் பூச்சு போட்ட வலை, அல்லது ஜன்னலுக்குப் போடும் அலுமினிய வலை கேளுங்கள். மண்ணடிப் பக்கம் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். சட்டத்துக்கு அலுமினியச் சேனல் போதும். வெட்டிய முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கையை உள்ளே விட்டு நீங்களே தடவிப் பாருங்கள்.

உள்ளே கனமும் மெல்லியதுமாகக் குறுக்குக் கிளைகள் கட்டுங்கள். செடிக்கு நம் செம்பருத்தியை மிஞ்ச ஒன்றும் இல்லை. வெயில்டு கமேலியன் அதன் இலையையும் பூவையும் கடித்துத் தின்னும், அதனால் கெடுதல் இல்லை. அரளி, எருக்கு, பால் வடியும் குரோட்டன்ஸ் கூடவே கூடாது. நர்சரியில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கும். நன்றாகக் கழுவி, சில வாரம் வெளியே வைத்த பிறகே கூண்டுக்குள் வையுங்கள். கூண்டை உங்கள் கண் மட்டத்துக்கு மேல் உயரும்படி மேசையில் ஏற்றுங்கள். மேலிருந்து பார்ப்பவர்களை அது பருந்தாகவே நினைக்கும். ஒரு கூண்டில் ஒன்றுதான். ஜோடி சேர்க்கலாமே என்று இரண்டை வைத்தால் இரண்டுமே மன அழுத்தத்தில் மெலியும்.

வெயிலும் புழுக்கமும்

கூண்டின் நிழல் பகுதி 24 முதல் 28 டிகிரி, விளக்குக்குக் கீழே குளிர்காயும் கிளை 29 முதல் 32 டிகிரி, இரவில் அதைவிடக் குறைவு. இதுதான் வேண்டியது. கத்திரி வெயில் நேரத்துச் சென்னையில் இரவிலும் புழுக்கம் இறங்காது. ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரை சூட்டு விளக்கு தேவைப்பட்டால் காலையில் கொஞ்ச நேரம் போதும். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரைக்குக் கீழ், ஏசி இல்லாத அறையில் இருப்பவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்கிறேன்: பச்சோந்தி வேண்டாம். மனிதர்கள் விசிறிக்கொள்வோம், தண்ணீர் குடிப்போம். அதால் வாயைத் திறந்து மூச்சு வாங்க மட்டுமே முடியும். ஏசி அறை என்றாலும் காற்று நேரே கூண்டில் அடிக்கக் கூடாது.

புற ஊதா 'பி' ஒளி இன்னொரு கட்டாயம். அது தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகி, சாப்பிடும் கால்சியம் எலும்பில் சேரும். இல்லையென்றால் தாடை இளகும், கால் வளையும். இதற்கென்று விற்கும் யுவிபி நீளக் குழல் விளக்கு பகலில் 12 மணி நேரம் எரிய வேண்டும். இரவில் எந்த விளக்கும் வேண்டாம். குழல் வெளிச்சம் தந்துகொண்டிருந்தாலும் புற ஊதா ஒளி மங்கிவிடும் என்பதால் தயாரிப்பாளர் சொன்ன மாதக் கணக்கில் மாற்றிவிடுங்கள். காலை இளவெயில் கிடைக்கும் பால்கனி இருந்தால் வலைக்கூண்டோடு இருபது நிமிடம், பாதி நிழலில், பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு வைக்கலாம். காக்கை வரும். ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் இந்தப் பலன் கிடையாது.

தண்ணீர், கொசு, புகை

கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பச்சோந்திக்குப் பொதுவாக அடையாளம் தெரியாது. இலையில் வழியும் துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் இலைகள் நனையத் தெளியுங்கள். மேலே ஊசித் துளையிட்ட டப்பா வைத்துச் சொட்டவிடலாம். நம் பக்கம் பல போர் தண்ணீர் உப்பு. ஆர்ஓ அல்லது கேன் தண்ணீர் நல்லது. இங்கே மறந்துவிடக் கூடாதது, கீழே சொட்டுத் தண்ணீர் சேரும் தட்டு. அதைத் தினமும் கொட்டிக் கழுவ வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். மாநகராட்சி ஊழியர் வந்து பார்க்கும்போது பச்சோந்தியைக் காரணம் சொல்ல முடியாது.

உணவுக்கு வளர்ப்பு கிரிக்கெட் பூச்சி, கால்சியம் பொடி தூவி. தெருவிளக்கடியில் பிடித்த பூச்சி வேண்டாம், அதில் மருந்து இருக்கலாம். தெருவில் கொசுமருந்துப் புகை அடிக்க வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூண்டை உள் அறைக்கு நகர்த்துங்கள். கொசுவர்த்திச் சுருளும் அந்த அறையில் கூடாது.

எண்ணூர்க்காரர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் நடு இரவில் வீட்டை விட்டு வெளியேறினார்கள். நான்கடிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. காற்றோட்டத் துளை போட்ட சிறிய மூடிப் பெட்டி, உள்ளே ஒரு குச்சி, ஒரு துணி, பதிவுச் சான்றின் நகல். இவை எப்போதும் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். முதலில் மனிதர்கள், பிறகு அது. அந்த வரிசை மாறக் கூடாது.

வாங்கும் முன் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நடை போய், ஊர்வனவற்றை எந்த நாளில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண் வெயில்டு கமேலியன் ஆண் இல்லாமலே முட்டையிடும். ஈர மணல் நிரப்பிய ஓரடி ஆழத் தொட்டி இல்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கி இறந்துபோகும். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைகள் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது, சால்மொனெல்லா கிருமி தொற்றும்.

நல்ல பராமரிப்பில் அது ஐந்து வருடத்துக்கு மேலும் இருக்கும். நடுவில் சலித்துவிட்டால் எண்ணூர்க் கழிமுகத்திலோ கிண்டியிலோ விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். இப்படி வெளியே போன வெயில்டு கமேலியன்கள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும் பெருகிவிட்டன. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பதிவு எண்ணோடு வனத்துறையின் சென்னை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தை அணுகுங்கள். உங்களிடம் இப்போதே நம்மூர்ப் பச்சோந்தி இருந்தால், நீங்களாக எங்கேயும் கொண்டுபோய் விடாமல், அதே அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.