பாறையைக் கண்டால் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

வயல் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறீர்களா? விட்டிருந்தால் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பீர்கள். வாய்க்காலின் நடுவே ஒரு கல் கிடக்கும். கப்பல் அந்தக் கல்லைக் கடந்ததும் நேரே போய்விடாது. சற்றே திரும்பி, நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நகர்ந்து, கல்லின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓடும் நீரில் அதை மேல்நோக்கித் தள்ளியது எது? காற்றா? இல்லை, நீரேதான்.

இந்த வேடிக்கையை நம்பித்தான் மலையாறுகளில் கயாக் என்னும் சிறு படகை ஓட்டுகிறார்கள். கயாக் ஆர்க்டிக் பகுதி மக்கள் கண்டுபிடித்த படகு. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி அவர்கள் அதைச் செய்தார்கள். இன்றைய ஆற்றுக் கயாக்குகள் பாலித்தீனால் ஆனவை. சுமார் 3 மீட்டர் நீளம், ஒருவர் காலை நீட்டி உட்காரும் அளவு. துடுப்புக்கு இரு முனையிலும் அலகு உண்டு.

இதைக் காண வெகு தொலைவு போக வேண்டியதில்லை. கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழை என்றோர் ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பாறைகளுக்கிடையே இறங்கி வருகிறது. 2013-இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவின் கயாக் போட்டிகள் அங்கே மழைக்காலத்தில் நடைபெறுவதுண்டு. உலகெங்கும் ஆற்றின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரித்துச் சொல்வார்கள். 1 என்றால் சிற்றலை. 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. மழை வெள்ளத்தில் சாலிப்புழை வல்லுநர்களுக்கே உரியது. நீர் வடிந்தபின் அதன் சில பகுதிகள் என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளையும் ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான், இயற்பியல் கற்பிப்பவன் என்ற துணிச்சலோடு நானும் ஒரு கயாக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

முதலில் ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 6 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஓடையில் நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். வினாடிக்கு 3 கன மீட்டர் நீர். அதே நீர் இரு பாறைகளுக்கிடையே 2 மீட்டர் அகலமும் முக்கால் மீட்டர் ஆழமும் கொண்ட இடைவெளியில் நுழைந்தால்? நீர் எங்கும் மறைந்துவிடாதே! வேகம் 2 மீட்டராகிறது. இரு பாறைகளும் நீரை உள்நோக்கித் திருப்புவதால் மேற்பரப்பில் ஓர் ஆப்பு வடிவம் தெரியும். அதன் கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அது வழி. கூர்முனை உங்களை நோக்கி, அதாவது மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் ஒரு பாறை மறைந்திருக்கிறது என்று பொருள். இதை அறியாமல் படகில் ஏறக்கூடாது.

வெண்ணிறமாய் நுரைக்கும் இடங்களைப் பார்த்து நான் முதலில் அஞ்சினேன். நுரை என்பது நீருக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழிகளே. நீரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நேராக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம் பிரதிபலிக்கிறது. ஆயிரக்கணக்கான பரப்புகளில் இவ்வாறு எல்லா நிறங்களும் சிதறித் திரும்புவதால் வெண்மை. கண்ணாடியை நொறுக்கினால் தூள் வெள்ளையாவதும் இப்படித்தான். ஆக, வெண்மை அபாய அறிவிப்பு அன்று. உண்மையான வேலையெல்லாம் பாறையின் முன்னும் பின்னும் நடக்கிறது.

வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் நீர் பாறையில் மோதி நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றல் உயரமாக மாறுகிறது. வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்தால் சுமார் 20 சென்டிமீட்டர். பாறையின் முன்னால் நீர் அவ்வளவு உயரத்துக்கு ஒரு தலையணைபோல் மேடிட்டு நிற்கும். பாறையின் பின்னாலோ நீர்மட்டம் சுற்றிலும் உள்ளதைவிடத் தாழ்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, கீழேயிருந்து நீர் மேல்நோக்கித் திரும்பி வரும். இதுதான் சுழி. நம் காகிதக் கப்பலைத் தள்ளியது இதுவே. படகோட்டிக்கு இந்தச் சுழி பகையன்று, வழியோரத்துத் திண்ணை. அதற்குள் நுழைந்தால் ஆறு ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் நின்று மூச்சு வாங்கலாம்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு புறப்பட்ட நான், இரண்டாவது வளைவிலேயே படகைக் குறுக்கே திருப்பிவிட்டேன். பக்கவாட்டாக ஒரு பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். "கல்லினெ கெட்டிப்பிடிக்கு, சாரே!" என்று பயிற்சியாளரான இளைஞர் பின்னாலிருந்து கத்தினார். பாறையைக் கட்டிப்பிடிக்கவா? எந்த மனிதனுக்கு அப்படித் தோன்றும்? உடல் தானாகவே பாறையை விட்டு எதிர்ப்புறம் சாய்ந்தது. மறுகணம் தலைகீழாக நீருக்குள் இருந்தேன்.

நடந்தது என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடும் நீர் ஒரு பரப்பின் மேல் செலுத்தும் விசை, ஏறத்தாழ நீரின் அடர்த்தி, பரப்பு, வேகத்தின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கலில் பாதி. 3 மீட்டர் நீளப் படகு சராசரி 10 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தால், நீர் மோதும் பரப்பு 0.3 சதுர மீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விசை 600 நியூட்டன். சுமார் 60 கிலோகிராம் எடைக்குச் சமம். பாறையின் பக்கம் சாய்ந்தால், நீர் வரும் பக்கத்துப் படகு விளிம்பு உயர்கிறது. வழவழப்பான அடிப்பாகத்தில் மோதிய நீர் அதன் அடியிலேயே நழுவிச் சென்றுவிடும். பாறையின் முன்னுள்ள நீர்த்தலையணையும் நம்மைத் தாங்கும். நானோ மறுபக்கம் சாய்ந்தேன். அந்த விளிம்பு அமிழ்ந்தது. நீர் படகின் மேல் ஏறி அதைக் கீழே அழுத்தியது. மேல்தளம் முழுவதும் ஓட்டத்துக்கு நேராகத் திரும்பிவிட்டால் பரப்பு 1.2 சதுர மீட்டர் வரை ஆகலாம்; விசை நான்கு மடங்கு, 2400 நியூட்டன். நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராத படகு அது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள், "அங்கே யாரும் இப்படிச் சாய்ந்து பார்த்ததில்லையே" என்பீர்கள். பரிசல் வட்டம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாறையில் உரசினால் சுழன்று விலகிக்கொள்ளும். நீளமான கயாக்தான் குறுக்கே சிக்கும்.

படகிலிருந்து வெளியே வந்ததும் அடுத்த தவற்றைச் செய்யப் பார்த்தேன். நீர் தொடையளவுதானே என்று எழுந்து நிற்கக் காலை ஊன்றப் போனேன். பயிற்சியாளர் மீண்டும் கத்தினார். ஓடும் நீரில் எழுந்து நிற்பவரின் பாதம் அடியிலுள்ள கற்களுக்கிடையே சிக்கிக்கொண்டால், இரு கால்களின் மேல் மட்டுமே சுமார் 36 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழும். உடல் முன்புறம் மடங்கி முகம் நீருக்குள் போகும்; காலை உருவ முடியாது. தொடையளவு நீரில் மனிதர்கள் இறப்பது இவ்வாறுதான். மல்லாந்து படுத்து, கால்களைக் கீழ்நோக்கி நீட்டி, பாதங்கள் நீர்மட்டத்தில் தெரியும்படி மிதக்க வேண்டும். நீரின் வேகம் தணிந்து முழங்காலுக்கும் கீழே இறங்கிய பிறகே நிற்கலாம். மிதவை அங்கியும் தலைக்கவசமும் அணிந்திருந்ததால் எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்போடு போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பாறையின் பின்னாலுள்ள சுழி கிடைமட்டமாகச் சுற்றுவது; பக்கத்தில் வெளியேற வழி உண்டு. தடுப்பணையின் மேல் வழிந்து விழும் நீரோ செங்குத்தாகச் சுருளும். அடியில் போன நீர் மேலெழுந்து, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பும். மிதக்கும் எதையும் அது சுவரருகே இழுத்துச் சென்று, அமிழ்த்தி, மீண்டும் மேலே கொணர்ந்து, மறுபடியும் இழுக்கும். கரைக்குக் கரை ஒரே சீராக இருப்பதால் தப்பும் இடைவெளியும் இல்லை. ஒரு மீட்டர் உயர அணைகூட இப்படிச் செய்யும். தேர்ந்த கயாக் வீரர்கள் பெரிய அருவிகளில் இறங்குவார்கள்; தடுப்பணையைக் கண்டால் படகைத் தோளில் சுமந்துகொண்டு கரைவழியே நடப்பார்கள். நம் ஊர்த் தடுப்பணைகளின் கீழே பிள்ளைகள் குளிக்கும் போதெல்லாம் எனக்கு அந்தச் சுருள்தான் நினைவுக்கு வருகிறது.

மதியத்துக்கு மேல் அதே பாறைக்கு மறுபடி வந்தேன். இம்முறையும் படகு குறுக்கேதான் போயிற்று. (ஒரே நாளில் யார்தான் கற்றுவிட முடியும்?) பல்லைக் கடித்துக்கொண்டு பாறையின் பக்கம் சாய்ந்து, அதன் ஈர முதுகைக் கையால் அணைத்துக்கொண்டேன். நீர் படகின் அடியில் சலசலத்துப் போயிற்று, கவிழவில்லை. கையால் பாறையைத் தள்ளித் தள்ளி ஓரத்துக்கு வந்ததும், படகின் முனை சுழிக்குள் நுழைந்தது. முனையை மேல்நோக்கியும் வாலைக் கீழ்நோக்கியும் நீர் தள்ளுகிறது: பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த 'இரட்டை' இதுவே. சைக்கிளில் வளைவில் திரும்பும்போது சாய்வதைப்போல உட்பக்கம் சாய்ந்தேன். படகு தானாகவே அரைவட்டம் திரும்பி, பாறையின் பின்னால் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே ஒரு தென்னை மட்டை சுற்றிக்கொண்டிருந்தது.